'மை ஃபாதர் வில் கோ டெய்லி' – இதுல தப்பு எங்க இருக்கு?

போடி பக்கத்து ஹைஸ்கூல் பசங்க யாரிடமாவது, "உங்க அப்பா வேலையைப் பத்தி இங்கிலீஷ்ல நாலு வரி எழுது"ன்னு சொல்லிப் பாருங்கள். ஒரு வரி கிட்டத்தட்ட நிச்சயமா இப்படி வரும்: 'மை ஃபாதர் வில் கோ டு எஸ்டேட் டெய்லி.' அந்த 'வில்'லைச் சிவப்பு மையில் சுழித்து, பக்கத்தில் 'சிம்பிள் பிரசன்ட்' என்று எழுதித் தருவார்கள். பையன் திருத்தி எழுதுவான். அடுத்த வாரம் அம்மாவைப் பத்தி எழுதச் சொன்னா, 'மை மதர் வில் குக்' என்று மறுபடி வந்து நிற்கும்.

ஏன் திரும்பத் திரும்ப வருது? பையன் படிக்காததாலயா? இல்லை. அவன் தமிழ் இலக்கணத்தைச் சரியாகப் பின்பற்றியதால. "எங்கப்பா காலையில ஆறு மணிக்கு ஜீப்புல தோட்டத்துக்குப் போவாரு"ன்னுதான் நாம பேசுறோம். 'போவாரு' பார்க்க எதிர்காலம். ஆனா இங்க அது தினசரிப் பழக்கத்தைச் சொல்லுது. தமிழ்ல ஒரே வினைமுற்று எதிர்காலத்துக்கும் பழக்கத்துக்கும் சேர்த்து வேலை பார்க்கும். இங்கிலீஷ்ல அதுக்கு ரெண்டு தனி ஆள். இந்த ஒரு விஷயத்தை அஞ்சு நிமிஷம் தமிழ்ல சொன்னா சிவப்பு மையே தேவைப்படாது. ஆனா சொல்றதில்லை.

இந்தக் கட்டுரையில நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு டென்ஸ் சொல்லிக் குடுக்க ஆரம்பிக்க வேண்டிய இடம் அவங்க பேசுற தமிழ், அவங்க பார்த்து வளர்ந்த ஊர். சார்ட் பேப்பர்ல போட்ட பன்னிரண்டு கட்டம் அதுக்கு அப்புறம் வரட்டும்.

பன்னிரண்டு கட்டம்

அந்தக் கட்டம் நம்ம எல்லாருக்கும் தெரியும். மேல பிரசன்ட், பாஸ்ட், ஃபியூச்சர். பக்கவாட்டுல சிம்பிள், கன்டினியூஸ், பெர்ஃபெக்ட், பெர்ஃபெக்ட் கன்டினியூஸ். மூணு நாலு பன்னிரண்டு. ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரு ஃபார்முலா: சப்ஜெக்ட், ஹேவ் அல்லது ஹேஸ், அப்புறம் வெர்பின் மூணாவது ஃபார்ம். 'ஹி ஈட்ஸ் எ மேங்கோ'வில் ஆரம்பித்து அதே மாங்காயைப் பன்னிரண்டு தடவை சாப்பிட வைப்பார்கள்.

கட்டம் தப்புன்னு சொல்லல. நம்மள மாதிரி இன்ஜினியரிங் படிக்கிறவனுக்கு டேபிள் பிடிக்கும். ஆனா அது ஏற்கெனவே தெரிஞ்சவனுக்கான சுருக்கம். பீரியாடிக் டேபிளை மனப்பாடம் பண்ணிட்டா கெமிஸ்ட்ரி வந்துடுமா?

பரீட்சையும் இதுக்கு உதவல. பத்தாம் வகுப்பு இங்கிலீஷ் 2019-20 முதல் ஒரே தாளாக மாறியது. அதன் ஒரு மார்க் பகுதியில் 14 கேள்வி. அதில் சினானிம் 3, ஆன்டனிம் 3. சரியான டென்ஸைத் தேர்ந்தெடு என்பது 1. ஆக, வார்த்தைக்கு அர்த்தம் மனப்பாடம் பண்ணினா ஆறு மார்க், டென்ஸ் புரிஞ்சா ஒரு மார்க். 40 நிமிஷ பீரியடில் பாடத்தையும் முடிக்கணும், ரிசல்ட்டும் காட்டணும் என்றால் எந்த ஆசிரியரும் ஆறு மார்க் பக்கம்தான் சாய்வார். அவர்களைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்?

ஆனா அந்த ஒரு மார்க்தான் பிற்பாடு கழுத்தைப் பிடிக்குது. 2021-ல் இருந்து அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இன்ஜினியரிங் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கு. நல்ல விஷயம். ஆனா உள்ளே வந்ததும் முதல் செமஸ்டர்லயே இங்கிலீஷ் பாடம். லேப் ரெக்கார்டில் 'ரீடிங்ஸ் வேர் டேக்கன்' என்று எழுதணும். வைவாவில் 'வாட் ஹேவ் யூ டன்?' என்று கேட்டால், செஞ்சதை எல்லாம் கையால செஞ்சவன் வாயால சொல்ல முடியாமல் நிற்கிறான். நம்ம ஹாஸ்டல்ல இந்த ஆளை எல்லாருக்கும் தெரியும்.

தப்பு வர்ற இடங்கள்

பிள்ளைகள் பண்ற தப்பு சும்மா கண்டபடி வர்றதில்லை. திரும்பத் திரும்ப ஒரே சில இடங்கள்லதான் வரும். 'வில் கோ டெய்லி'யைப் பார்த்தாச்சு. இன்னும் மூணு பாருங்கள்.

ஒண்ணு: "மூணு வருஷமா இந்த ஸ்கூல்ல படிக்கிறேன்." தமிழ்ல நிகழ்காலமே போதும். அதனால பையன் 'ஐ ஆம் ஸ்டடியிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்' என்கிறான். இங்கிலீஷ் அங்கே 'ஹேவ் பீன் ஸ்டடியிங்' கேட்குது. ஏன்னா மூணு வருஷம் முன்னாடி ஆரம்பிச்சதையும் அந்த வெர்புலேயே காட்டணும். தமிழ் அந்த வேலையை 'வருஷமா'ங்கிற வார்த்தையில இருக்கிற 'ஆ'விடம் குடுத்துடுச்சு.

ரெண்டு: "போகல." இந்த ஒரு சொல்லை எடுத்துக்குங்க. நேத்துப் போகல. இப்பப் போகல. இன்னும் போகல. மூணுக்கும் அதே 'போகல'தான். எதிர்மறையில தமிழ் இங்க காலத்தைக் காட்டறதே இல்லை. இங்கிலீஷோ 'டிட் நாட் கோ', 'ஆம் நாட் கோயிங்', 'ஹேவ் நாட் கான்' என்று மூணாப் பிரிக்குது. பையன் 'டிட் நாட் வென்ட்' என்று எழுதறான்னா, காலத்தை எங்க வைக்கணும்னு தெரியாம ரெண்டு இடத்துலயும் வெச்சுட்டான்.

மூணு: "அவரு எங்க சாரு." இதுல வெர்பே இல்லை. அதனால 'ஹி அவர் சார்' வருது. 'இஸ்' எதுக்குன்னு அவனுக்கு நிஜமாவே தெரியாது. தமிழ்ல அப்படி ஒண்ணு தேவைப்படலையே!

இதையெல்லாம் 'கவனக்குறைவு'ன்னு சொன்னா பிள்ளை தன்னை மக்குன்னு நினைச்சுக்கும். 'உன் தமிழ் இப்படிச் சொல்லுது, இங்கிலீஷ் அப்படிச் சொல்லுது'ன்னா, ரெண்டு மொழியையும் பக்கத்துல வெச்சுப் பார்க்கும்.

வாயில ஏற்கெனவே இருக்கிற டென்ஸ்

இடிக்கிற இடம் சிலதுதான். ஒத்துப்போற இடம் நிறைய. 'எழுது'ன்னு ஒரு வினையை எடுத்துக்குவோம்.

எழுதிக்கிட்டு இருக்கேன் – ஆம் ரைட்டிங்.
எழுதிக்கிட்டு இருந்தேன் – வாஸ் ரைட்டிங்.
எழுதிக்கிட்டு இருப்பேன் – வில் பி ரைட்டிங்.
எழுதியிருக்கேன் – ஹேவ் ரிட்டன்.
எழுதியிருந்தேன் – ஹேட் ரிட்டன்.
எழுதியிருப்பேன் – வில் ஹேவ் ரிட்டன்.

உத்துப் பாருங்க. முதல் மூணுலயும் 'எழுதிக்கிட்டு' மாறவே இல்லை. அதான் 'ரைட்டிங்'. அடுத்த மூணுலயும் 'எழுதி' மாறல. அதான் 'ரிட்டன்'. காலத்தைச் சுமக்கிறது 'இரு'ங்கிற துணைவினை மட்டும்தான். இங்கிலீஷ்லயும் அப்படியே. 'ரைட்டிங்' அசையாம நிக்கும், 'ஆம்', 'வாஸ்', 'வில் பி' மாறும். பன்னிரண்டு கட்டத்தில் ஆறு கட்டம் முடிஞ்சது. ஒரு ஃபார்முலாவும் மனப்பாடம் பண்ணல.

ஒரே ஒரு பள்ளம் இருக்கு. தமிழ்ல ரெண்டு வரிசைக்கும் 'இரு'தான். இங்கிலீஷ்ல முதல் வரிசைக்கு 'பி', ரெண்டாவதுக்கு 'ஹேவ்'. அதனாலதான் 'ஐ ஆம் ரிட்டன்' வருது. பள்ளம் எங்க இருக்குன்னு முன்னாடியே சொல்லிட்டா பாதிப் பேர் விழ மாட்டாங்க.

இதுல எனக்குப் பிடிச்சது என்னன்னா, பெர்ஃபெக்ட் டென்ஸுன்னா என்னன்னு வரையறை சொல்ல வேண்டியதே இல்லை. "எழுதினியா?"ங்கறதுக்கும் "எழுதியிருக்கியா?"ங்கறதுக்கும் என்ன வித்தியாசம்னு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு நல்லாத் தெரியும். அது மூணு வயசுல இருந்து பயன்படுத்துற வித்தியாசம்.

ரயில் பாடம்

சரி, வித்தியாசம் புரிஞ்சாச்சு. பழக்கம் எப்படி வரும்? இங்க ஒருத்தரைச் சொல்லணும். என்.எஸ். பிரபு. சென்னை பிரிட்டிஷ் கவுன்சில்ல இருந்தவர். 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் தமிழ்நாட்டிலும் சில சாதாரணப் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். இலக்கணப் பாடமே கிடையாது. ரயில் டைம் டேபிளைக் குடுத்து, 'இந்த ஊருக்கு இத்தனை மணிக்குள்ள போகணும்னா எந்த வண்டி?'ன்னு இங்கிலீஷ்ல கணக்குப் போட விடுவாங்க. வரைபடத்தைக் குடுத்து வழி சொல்லச் சொல்வாங்க. கவனம் விஷயத்து மேல இருக்கும்போது மொழி தானா படியும்னு அவர் கருத்து. 1987-ல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். மொழி கற்பித்தல் பற்றிப் படிக்கிறவங்க உலகம் முழுக்க இன்னிக்கும் 'பெங்களூர் புராஜெக்ட்'னு அதைச் சொல்றாங்க. நம்ம பக்கத்துல பெரும்பாலானவங்களுக்குப் பேரே தெரியாது.

நான் மேலே சொன்ன தமிழ்-இங்கிலீஷ் ஒப்பீட்டை பிரபு ஏத்துக்க மாட்டார். அவர் விளக்கமே வேண்டாம்னவர். எனக்கு ரெண்டும் வேணும்னு தோணுது: அஞ்சு நிமிஷம் விளக்கம், முப்பத்தஞ்சு நிமிஷம் ரயில்.

அதுவும் நம்ம ரயில். போடி–மதுரைப் பாதை 1928-ல் வந்தது. அகலப்பாதையா மாத்தறதுக்காக 2010 கடைசியில் மீட்டர் கேஜ் வண்டியை நிறுத்தினாங்க. 2022 மே மாதம் தேனி வரை வந்தது. 2023 ஜூன் 15 அன்று போடிக்கே வந்துடுச்சு. இதுக்குள்ள ஒரு முழு டென்ஸ் பாடமே இருக்கு.

'தி ட்ரெயின் ஸ்டாப்டு இன் 2010.' வருஷம் சொல்லியாச்சு, முடிஞ்ச கதை, சிம்பிள் பாஸ்ட். 'இட் ஹேட் ரீச்டு தேனி பிஃபோர் இட் ரீச்டு போடி.' ரெண்டு பழைய விஷயம், முந்தினதுக்கு 'ஹேட்'. 'இட் ஹேஸ் பீன் ரன்னிங் சின்ஸ் 2023.' ஆரம்பிச்சது, இன்னும் ஓடுது. 'இட் லீவ்ஸ் போடி இன் தி ஈவ்னிங்.' பழக்கம், இங்க 'வில்' வேண்டாம்.

ஏன் 'ஸ்டாப்டு இன் 2010'க்கு 'ஹேஸ்' வரக்கூடாதுன்னு கேட்டா, மாங்காய் வாக்கியத்துல பதில் கிடையாது. இங்க இருக்கு. பன்னிரண்டு வருஷம் ரயில் இல்லாம பஸ்ல போன ஊருக்கு 2010-ங்கிறது நிஜமான தேதி.

ஏழு வினைச்சொல்

வொகாபுலரிக்கும் இதே கதைதான். பாடத்துக்குப் பின்னாடி இருக்கிற கிளாசரியைப் பார்த்து வார்த்தையையும் அர்த்தத்தையும் மூணு தடவை எழுதுறது. பரீட்சை முடிஞ்ச மறுநாள் காத்துல போயிடும்.

போடிப் பிள்ளைக்கு ஏற்கெனவே எத்தனை இங்கிலீஷ் வார்த்தை தெரியும்னு யாராவது எண்ணிப் பார்த்திருக்கோமா? எஸ்டேட், ஸ்டோர், சூப்பர்வைசர், கிரேடு, லாட், சாம்பிள், ஸ்பைசஸ் போர்டு, செக்போஸ்ட். போடிமெட்டு ஏறுற ஜீப்பிலேயே ஒரு சின்ன டிக்‌ஷனரி ஏறிப் போகுது. ஆனா கவனிச்சீங்களா, எல்லாம் பெயர்ச்சொல். வினைச்சொல் ஒண்ணுகூட இல்லை. பெயர்ச்சொல் கடைத்தெருவுலயே ஒட்டிக்கும். வினைச்சொல்லைத்தான் சொல்லிக் குடுத்தாகணும்.

ஏலக்காயையே எடுத்துக்குவோம். காயை எடுக்கணும், கழுவணும், காயவைக்கணும், சுத்தம் பண்ணணும், தரம் பிரிக்கணும், மூட்டை போடணும், ஏலத்துல விக்கணும். பிக், வாஷ், டிரை, கிளீன், கிரேட், பேக், செல். ஏழு வினை. அம்மா எடுப்புக்குப் போற பிள்ளைக்கு இந்த வரிசையை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இங்கிலீஷ் வார்த்தை மட்டும்தான் புதுசு.

இந்த ஏழை வெச்சு எல்லாம் பண்ணலாம். 'மை மதர் பிக்ஸ் கார்டமம்' – பழக்கம். 'ஷி பிக்டு லாஸ்ட் வீக்' – முடிஞ்சது. 'தி கேப்சூல்ஸ் ஆர் வாஷ்டு, டிரைட் அண்ட் கிரேடட்' – பேசிவ் வாய்ஸ், பத்தாம் வகுப்புல கேட்கிறதும் நம்ம லேப் ரெக்கார்டுல கேட்கிறதும் இதேதான். ஒவ்வொரு வினையிலிருந்தும் வார்த்தை கிளைக்கும்: பிக்கர், பேக்கிங், கிரேடிங், செல்லர். 'செல்' மட்டும் 'ஸோல்டு' ஆகுது, மத்ததெல்லாம் ஒழுங்கா நடக்குது. இர்ரெகுலர் வெர்புன்னா என்னன்னு அங்கேயே தெரிஞ்சுடும்.

மலைக்குள்ள 'வில்'லும் 'வுட்'டும்

இதெல்லாம் மார்க்குக்கும் வேலைக்கும் மட்டும்தானான்னு கேட்டா, இல்லை. பொட்டிபுரத்தை நினைச்சுப் பாருங்க.

அம்பரப்பர் மலையைக் குடைஞ்சு நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கிற திட்டத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் குடுத்தது. ஏறக்குறைய 2 கிலோமீட்டர் சுரங்கம், 50,000 டன் இரும்பு டிடெக்டர். எதிர்ப்பு, வழக்கு, 2017-ல் சுற்றுச்சூழல் அனுமதி பசுமைத் தீர்ப்பாயத்தில் நிறுத்திவைப்பு, 2018-ல் மறுபடி அனுமதி, 2022-ல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் எதிர்த்து மனு. சுரங்கம் இன்னும் தோண்டப்படல. திட்டம் நல்லதா கெட்டதான்னு நான் இங்க பேச வரல. நம்ம காலேஜ்லயே ரெண்டு கட்சி இருக்கு, அது வேற கட்டுரை.

நான் சொல்றது வேற. அந்த ஊர்த் தலையெழுத்தை எழுதின காகிதங்கள்ல பெரும்பாலானது இங்கிலீஷ்ல இருந்தது. இந்த மாதிரிக் காகிதங்கள்ல வினைச்சொல்லுக்குத்தான் கனம் அதிகம். உதாரணத்துக்கு ரெண்டு வாக்கியம் நானே எழுதறேன். 'எ டனல் வில் பி டக்.' 'எ டனல் வுட் பி டக்.' முதல்ல சொன்னது முடிவாயிடுச்சு. ரெண்டாவது, திட்டம் நடந்தால். தமிழ்ல எழுதினா ரெண்டுமே 'தோண்டப்படும்'னு வந்துடும். 'தண்ணீர் பாதிக்கப்படாது'ங்கற ஒரு வரிக்குப் பின்னாடி 'வில் நாட்' இருந்ததா, 'மே நாட்' இருந்ததா, 'இஸ் நாட் லைக்லி டு' இருந்ததா? மூணும் மூணு வாக்குறுதி.

'போவாரு'வில் ஆரம்பிச்ச அதே விஷயம்தான் பாருங்க. பழக்கமா, முடிவா, ஊகமான்னு தமிழ்ல சூழலை வெச்சுப் புரிஞ்சுக்குவோம், இங்கிலீஷ்ல ஒரு குட்டி வார்த்தையை வெச்சு. அந்தக் குட்டி வார்த்தையை வாசிக்கத் தெரிஞ்ச ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை அந்த ஊர்ல இருந்தா, திட்டத்தை ஆதரிக்கிறவங்க சொல்றதையும் எதிர்க்கிறவங்க சொல்றதையும் அது தானே படிச்சுப் பார்த்துக்கும்.

2020-ல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை வந்தப்போ, அதை 22 மொழிகளில் மொழிபெயர்க்கச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட வேண்டியிருந்தது. மொழிபெயர்ப்பு வரணும், அது உரிமை. ஆனா மூலத்தைத் தானே திறந்து பார்க்கிற பலம் கூடவே இருந்தா யாரும் ஏமாத்த முடியாது.

"இங்கிலீஷை இங்கிலீஷ்லதான் சொல்லிக் குடுக்கணும்"

இந்த எதிர்ப்பு வரும்னு தெரியும். தமிழ்ல விளக்கினா பிள்ளை தமிழ்லயே யோசிக்கும், பேச்சு வராதும்பாங்க. அதுல பாதி உண்மை. நிறையக் கேட்காம, நிறையப் பேசாம எந்த மொழியும் வராது. வீட்டுல இங்கிலீஷ் கேட்கிற பிள்ளைக்கு விளக்கமே தேவைப்படாமலும் போகலாம். ஆனா வாரத்துல சில மணி நேரம், அதுவும் வகுப்பறையில மட்டும் இங்கிலீஷ் கேட்கிற பிள்ளை எப்படியும் தமிழ்லதான் யோசிக்கப் போகுது. அதை மறைமுகமா நடக்க விடறதுக்குப் பதிலா வெளிச்சத்துக்குக் கொண்டு வர்றோம், அவ்வளவுதான்.

இன்னொண்ணு: "ஏலக்காயும் ஜீப்பும்னே சொல்லிக் குடுத்தா அந்தப் பிள்ளை உலகத்தைப் பார்க்க வேண்டாமா?" பார்க்கட்டும். ஏழு வினையில ஆரம்பிச்சு ஐன்ஸ்டைன் வரைக்கும் போகட்டும். முதல் படி தெரிஞ்ச தரையில இருக்கணும்னுதான் சொல்றேன்.

நாம என்ன செய்யலாம்

2021-ல் இல்லம் தேடிக் கல்வி ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரைக்கான திட்டமா ஆரம்பிச்சது. ஒன்பதும் பத்தும் அதுக்கு வெளியே. அந்த இடைவெளியில நமக்கு வேலை இருக்கு. நம்ம காலேஜ்ல படிக்கிற நிறையப் பேருக்குப் பக்கத்து ஊர்லயே தம்பி தங்கச்சி, சித்தப்பா பிள்ளைங்கன்னு ஒன்பதாவது, பத்தாவது படிக்கிறவங்க இருக்காங்க. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் போதும்.

முதல் வாரம் 'இரு' வரிசை ஆறும். ரெண்டாவது வாரம் ரயில். மூணாவது வாரம் ஏழு வினை, அதை வெச்சு அம்மாவோட வேலையைப் பத்துவரி. நாலாவது வாரம் இங்கிலீஷ் பேப்பர்ல நம்ம மாவட்டச் செய்தி ஒண்ணு. அதுல 'வில்', 'வுட்', 'மே', 'ஹேஸ் பீன்' எங்கெல்லாம் வருதுன்னு கோடு போட்டு, ஒவ்வொண்ணையும் தமிழ்ல ஒரு வரி சொல்ல வைக்கணும். தப்பு வந்தா சுழிக்காதீங்க. "இதைத் தமிழ்ல எப்படிச் சொல்லுவ?"ன்னு கேளுங்க. பெரும்பாலும் தப்போட காரணம் அந்தப் பதில்லயே கிடைக்கும்.

புத்தகம் வாங்க வேண்டாம், ஆப் வேண்டாம். ரயில் டைம் டேபிள் போன்லயே இருக்கு. செஞ்சு பார்த்துட்டு எந்த இடத்துல பிள்ளைங்க திரும்பத் திரும்ப விழறாங்கன்னு குறிச்சு வெச்சு நம்ம இதழுக்கு எழுதி அனுப்புங்க. நான் சொன்ன நாலு இடம் போக இன்னும் நிறைய இருக்கும். அந்தப் பட்டியலைச் சேர்த்து ஒரு பக்கமா அச்சடிச்சா, பக்கத்து ஸ்கூல் இங்கிலீஷ் சார்கிட்டயும் டீச்சர்கிட்டயும் கொண்டு போய்க் குடுக்கலாம். பன்னிரண்டு கட்டச் சார்ட்டுக்குப் பக்கத்துலயே ஒட்டி வெச்சுக்கட்டும்.